ஜெலுத்தோங் மரத்தில் ஒரு வெட்டு

1

தம்பி வீரா இதை ஊரில் சத்தமாக வாசிக்கப் போகிறான். ஆகையால் முதலில் அவனிடமும் பிறகு கேட்கிறவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன் நான். எந்த ர போடுவது, எந்த ன போடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம். பிழை வந்த இடத்தில் நிறுத்தி என்னைத் திட்டாதே, வீரா. நீயாகத் திருத்தி வாசித்துக்கொண்டு போ. பென்சிலும் மொட்டை. தாள், எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேண்டாமென்று எறிந்த பழைய ஆள்கணக்குத் தாள். முன்பக்கத்தில் சப்பான்காரன் காலத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குக் கோடும் வராதவர்களுக்குச் சுழியும் போட்டிருக்கும். நான் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நாலு வருஷம் கடிதம் இல்லாததால் நான் செத்துப்போனேன் என்று கருமாதிக்கு நாள் பார்த்தீர்களாமே. என்ன நடந்தது என்று விவரமாக எழுது, மலாயாவுக்கு ஆள் அனுப்பிய வீடு நம் ஊரில் பத்து இருக்கிறது, அவர்களும் கேட்கட்டும் என்று தம்பி எழுதியிருந்தான். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை ஊமையா என்று கேட்டார்கள். அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது முருகேசு என்ற பையனைப் பற்றி. பேச்சி என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து பால்மரம் வெட்டும் பெண் இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகன். சப்பான்காரன் அவனைப் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பியபோது வயது பதினாறு. கூட ராசு என்ற பையனையும் பிடித்தார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை. காட்டில் ஒளிந்திருந்த பிள்ளைகளை முருகேசுவின் கத்திதான் காட்டிக்கொடுத்தது என்று மூன்று வருஷமாக எங்கள் லயத்தில் பேச்சு. அந்தப் பழி அவனுடையது இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

போன வெள்ளிக்கிழமை சிகாமட்டுக்குப் போனோம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை அங்கே ஓர் அலுவலகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இந்த மாதக் கடைசிவரைதான். அந்தப் பட்டியலில் ஏறினால்தான் செத்தவன் செத்தவன். ஏறாவிட்டால் தோட்டத்துப் பேரேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். முருகேசுவின் பெயருக்கு எதிரே 'ஓடிப்போனவன்' என்று இருக்கிறது. அவனைக் காட்டில் ஒளித்தபோது கிராணி அப்படித்தான் எழுதி வைத்தார். அன்றைக்கு அது அவர் செய்த உதவி.

பேச்சி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க ஒருத்தருதான் எங்கூட மொகம் குடுத்துப் பேசுறீங்க. கொஞ்சம் வாங்கண்ணே." பெக்கோக்கில் ரயில் ஏறினோம். வழி நெடுக அவள் மடியில் முருகேசுவின் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். அதைக் காட்டினால் நம்புவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையான மனிதர். அவர் தமிழ் காதுக்கு நன்றாக இருக்கும், எங்களுக்குப் பாதிதான் புரியும். "பேரைச் சொல்லுங்கோ. தேப்பன்ர பேரைச் சொல்லுங்கோ. ஆர் பிடிச்சது, எப்பிடிப் பிடிச்சது, என்ன திகதி?" திகதி என்றால் தேதி. முன்னால் நின்ற ஒருவர் எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் திருப்பிக் கொடுத்தார். "திகதி இல்லாத கடுதாசியை வைச்சு நான் என்ன செய்யிறது ஐயா?"

பேச்சியின் முறை வந்தது. பெயர் சொன்னாள். எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டதும் மகன் சட்டையை எடுத்து நீட்டினாள். எங்களுக்குப் பின்னால் ராசுவின் அப்பா செங்கோடன் நின்றிருந்தான். அவனும் மகன் பெயரை எழுத வந்தவன்.

"கேக்குறாருல்ல, சொல்லு. எம்மவன் மரத்துல கோடு போட்டு சப்பான்காரனுக்கு வழி காட்டுனான்னு சொல்லு. போறவன் தனியாப் போவாம எம் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போனான்னு சொல்லு."

வரிசையில் எல்லாரும் திரும்பினார்கள். பேச்சி சட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். "அம்மா, இந்த மாசக் கடைசி மட்டுந்தான்" என்று குமாஸ்தா கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். என் கையில் அவளுடைய ரயில் சீட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

இனி முதலிலிருந்து சொல்கிறேன். சப்பான்காரன் வந்ததும் துரைமார் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். பால் வாங்க ஆளில்லை. மரங்கள் சும்மா நின்றன. நாங்கள் மரத்துக்கு நடுவில் மரவள்ளி நட்டுத் தின்றோம். உப்பு இல்லை, துணி இல்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை. ஆனாலும் காலையில் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. பெரட்டு என்றால் விடியுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் 'ஆஜர்' என்றோம். சப்பான்காரன் காலத்தில் இச்சி, நி, சான் என்று அவன் பாஷையில் எண்ண வேண்டும். எண் தப்பினால் கன்னத்தில் அறை. என் மனைவியை அந்தப் பெரட்டுக்களத்தில்தான் பறிகொடுத்தேன். காய்ச்சலோடு நின்றவள் சாய்ந்தாள், எழவில்லை.

இரண்டாம் வருஷம் சித்திரையில் லாரி வந்தது. சயாமில் மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்றார்கள். முதலில் சிலர் தாங்களாகவே ஏறினார்கள். யாரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. பிறகு லாரி வந்தால் ஆள் ஏறவில்லை, ஏற்றினார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை தலை என்று கணக்கு. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதும், வயது கேட்கவில்லை. பெண்பிள்ளைகளைப் பற்றி நான் எழுத வேண்டாம், உங்களுக்கே புரியும்.

எங்கள் தோட்டத்தின் எல்லை முடிகிற இடத்தில் பெருங்காடு தொடங்குகிறது. மலாயா வந்த புதிதில் எனக்குப் பால்மரம் கிடைக்கவில்லை. காடு அழிக்கிற கூட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அந்தக் காட்டிலேயே இருக்கிற ஜக்கூன் ஆட்களோடு வேலை. அவர்களும் அதிகம் பேசமாட்டார்கள். எங்களுக்கு ஒத்துப்போயிற்று. அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு.

பேச்சிதான் முதலில் வந்தாள். "அண்ணே, எம் மவனக் காட்டுல வச்சுக் காப்பாத்துங்கண்ணே." பின்னாலேயே செங்கோடன். பிறகு அஞ்சலை என்ற பதினாலு வயதுப் பெண்ணின் அம்மா. என் மகன் சாமிக்கண்ணுவுக்கும் பதினைந்து ஆகியிருந்தது. ஆக நாலு பிள்ளைகள். வாத்தியாராக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. என் பிள்ளையும் அதில் இருந்ததால் சரி என்றேன்.

4

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் காடு தெரியும் என்று ஊரில் நினைப்பீர்கள். தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது நிரை. ஒரு மரம், பத்தடி, அடுத்த மரம். கோடு பிடித்தாற்போல் நடந்து, கோடு பிடித்தாற்போல் திரும்புவார்கள். முதல் நாள் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனதும் நாலு பேரும் தானாக ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினார்கள். "பெரட்டுக்கா வந்திருக்கோம்? பிரிஞ்சு நடங்க. ஒரு தடத்துல ரெண்டு தரம் கால் வைக்காதீங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கையால் காட்டினேன்.

கொடியில் தண்ணீர் எடுப்பதைக் காட்டினேன். முதலில் எட்டிய உயரத்தில் ஒரு வெட்டு, பிறகு கீழே ஒரு வெட்டு. கீழே முதலில் வெட்டினால் தண்ணீர் மேலே ஏறிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் வந்தால் குடி, பால் வந்தால் தொடாதே.

"பால் வந்தா தொடக்கூடாதா? அலமாக்! இத எங்க கங்காணிகிட்ட சொல்லுங்க மாமா" என்றான் முருகேசு. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் எப்போதும் அப்படித்தான். பால்மரம் வெட்டுவதில் அவன் கை பொல்லாதது. பட்டையோடு நிற்காமல் கத்தி மரத்தின் எலும்புவரை போய்விடும். அதைத் தோட்டத்தில் காயம் என்போம். காயம் பட்ட இடத்தில் பட்டை சரியாக வளராது. பெரட்டில் கங்காணி அவனை "காயம்" என்றுதான் கூப்பிடுவார். இவனும் "ஆஜர்" என்பான்.

காடோங் கிழங்கைக் காட்டினேன். ஒரு காம்பில் மூன்று இலை, தண்டில் முள். அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும். மெல்லிசாகச் சீவிச் சாக்கில் கட்டி ஓடுகிற தண்ணீரில் மூன்று நாள் போட வேண்டும். பசியில் மூன்று நாள் காத்திருப்பதுதான் அதில் கஷ்டம். ராசு இரண்டாம் நாளே எடுத்துத் தின்றுவிட்டு மாலைவரை வாந்தி எடுத்தான். அஞ்சலை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "மாமா சொன்னா ஒனக்கு எண்ணத் தெரியாதா? இச்சி, நி, சான். சான் வந்தாத்தான் தின்னணும்" என்று திட்டினாள். கெட்டிக்காரப் பெண். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

விடியற்காலைப் பனி இருக்கும்போது மட்டும் அடுப்பு, அப்போதுதான் புகை தெரியாது. பட்ட கிளைக்குக் கீழே படுக்காதே. சில்வண்டு சத்தம் திடீரென்று நின்றால் ஆள் வருகிறான். இப்படி ஒவ்வொன்றாக.

காட்டில் வழி தவறியவனுக்கு எல்லாரும் சொல்வது, ஓடை போகிற பக்கம் போ, கடைசியில் மனிதர் இருப்பார்கள் என்று. நான் அதைத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன். ஓடை போகிற பக்கம் போகாதே, அங்கே மனிதர் இருப்பார்கள்.

பிடிக்க வந்தால் என்ன செய்வது என்றும் சொன்னேன். ஓடைக் கரையில் வேருக்கடியில் தண்ணீரில் படுத்துக்கொள், மூக்கு மட்டும் வெளியே. உன்னைப் பிடித்துவிட்டால், கூட்டாளி ஒளிந்திருக்கிற பக்கம் பார்க்காதே. உன் கண் போகிற பக்கம் அவன் துப்பாக்கி போகும். ஆகாயத்தைப் பார். இதை மட்டும் நாலு பேரையும் மாறி மாறி நிற்க வைத்துப் பழக்கினேன். ஒருவன் பிடிபட்டவன், மற்றவர்கள் ஒளிந்தவர்கள். முருகேசு ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துவிடுவான்.

கடைசியாக ஒரு சட்டம் வைத்தேன். மரத்தில் கத்தி படக்கூடாது. வழி தெரிய வேண்டுமானால் செடியின் நுனியை ஒடித்து இலையின் வெளுத்த பக்கம் மேலே தெரியும்படி விடு. கத்திக்குத் தண்ணீர்க்கொடி, கிழங்கு, இவ்வளவுதான் வேலை. மரத்தை வெட்டினால் அது மனிதன் வந்தான் என்று சொல்லிக்கொண்டே நிற்கும்.

நாலு பேரும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. முருகேசுவும் மீறவில்லை. இதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது.

5

என் மகன் சாமிக்கண்ணு இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். சப்பாத்துப் போட்டிருக்கிறான். இங்கிலீசும் மலாயும் கலந்து பேசுகிறான். கேட்ட கேள்விக்கு "ஓகே" என்கிறான். போன தடவை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, "அப்பா, இனிமே நான் அங்கயே இருந்துக்குறேன் லா. நீங்களும் வேணுன்னா வாங்க" என்றான். வேண்டுமென்றால் என்ற சொல்லில் எல்லாம் இருந்தது.

பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனால் மாறிவிடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். அவன் பட்டணத்தால் மாறவில்லை. காட்டில் ஒரு நாள் காலையில் மாறினான். அந்தக் காலையைத்தான் இனி எழுத வேண்டும். இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் வைத்துவிட்டேன்.

6

நாலு மாதம் பிள்ளைகள் காட்டில் இருந்தார்கள். மூங்கில் பரண், ஓலைக் கூரை. வாரம் இரண்டு தடவை நான் மரவள்ளியும் உப்பும் கொண்டுபோவேன். பரண்வரை போகமாட்டேன். பாதி வழியில் ஓடைக்கரைப் பாறையில் சாமிக்கண்ணு வந்து வாங்கிக்கொண்டு போவான். அதுதான் ஏற்பாடு.

ஆவணியில் சாமிக்கண்ணுவுக்குக் காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போட்டது. மெல்ல நடத்தி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவன் ஓடிப்போனவன் கணக்கில் இருந்ததால் பலகைக் கட்டிலுக்கடியில் சாக்குப் போட்டுப் படுக்க வைத்தேன். இரண்டு நாள் கழித்து நானே பரண்வரை போனேன். போகும்போது ஒடித்த நுனிகளைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது மழை பிடித்தது. காடே சாய்கிற மழை. இலையெல்லாம் அடித்துப் புரண்டு எல்லாமே வெளுத்த பக்கம் காட்டின. வழி தவறிவிட்டேன். ஊமைப்பயம் என்பார்களே, அது. நாலு பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவன் அரை நாள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டில் கட்டிலுக்கடியில் மகன் தனியாகக் கிடக்கிறான் என்ற நினைப்பு வேறு.

இடுப்பில் சீவுகத்தி இருந்தது. பால்மரம் வெட்டுகிறவன் அதில்லாமல் வெளியே கிளம்பமாட்டான். சுற்றி வந்த இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு மரத்தில் வெட்டினேன். பிறகு இன்னொன்று. மழையில் மறையக்கூடாது என்று ஆழமாக வெட்டினேன். ஆறேழு மரம் இருக்கும். அப்படித்தான் பாதையைப் பிடித்தேன். வெட்டியது நடுக்காட்டில்தானே, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதில் ஒன்று ஜெலுத்தோங். அதற்கும் பால் உண்டு. மழை இருட்டில் பார்க்கவில்லை.

அந்த மழைக்கு மூன்றாம் நாள் காலையில் சாமிக்கண்ணு எழுந்து நடந்தான். ஆள்கணக்கு எடுக்கிறவர்கள் லயத்துக்கு வருகிறார்கள் என்று காதில் விழுந்ததால் அவனை உடனே காட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அவன் நின்றான். ஜெலுத்தோங் மரத்தின் முன்னால். வெட்டிலிருந்து பால் வடிந்து வேர்வரை வெள்ளைக் கோடாக உறைந்திருந்தது. இருபது அடியிலிருந்து தெரிந்தது.

என் கை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் நானே பார்த்தேன். வழிக்கு அடையாளம் வைக்கிறவன் குறுக்கே ஒரு கொத்துக் கொத்துவான். நான் அப்படி வெட்டவில்லை. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரித்து, பால்மரத்தில் வெட்டுவதுபோல் வெட்டியிருந்தேன். கீழ் முனையில் பால் மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டுவதற்கு ஒரு சின்னக் கீறல்கூட வைத்திருந்தேன். அந்தக் காட்டில் மங்கும் இல்லை, பால் எடுக்க ஆளும் இல்லை. இருபது வருஷக் கை, அதற்கு வேறு விதம் தெரியவில்லை.

சாமிக்கண்ணு அந்தக் கீறலைத் தொட்டான். நான்தான் அவனுக்கு மரம் வெட்டச் சொல்லிக் கொடுத்தவன். என் கீறல் முடிகிற இடத்தில் கொஞ்சம் இடப்பக்கம் வளையும். அவனுக்கு அது தெரியும்.

"அப்பா, இது ஒங்க வெட்டு" என்றான்.

மரத்தடியில் சேற்றில் சப்பாத்துத் தடங்கள் இருந்தன. சில்வண்டுச் சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பெரணிச் செடிக்குள் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். இரண்டு சிப்பாய்கள், எங்கள் தோட்டத்துக் கங்காணி, நடுவில் முருகேசுவும் ராசுவும். கை பின்னால் கட்டியிருந்தது. கங்காணியின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. தலை குறைந்ததற்கு அவரையும் அடித்திருக்கிறார்கள். ராசு அழுதுகொண்டு வந்தான். எங்களுக்கு எட்டடி தூரத்தில் முருகேசு எங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், சாமிக்கண்ணுவைப் பார்த்தான். உடனே முகத்தைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தான். காட்டில் ஆகாயம் எங்கே தெரிகிறது? இலையைத்தான் பார்த்திருப்பான். கால் இடறி விழப்போனான். சிப்பாய் முதுகில் குத்தினான். அப்போதும் அவன் தலையைக் கீழே இறக்கவில்லை.

பழகும்போது ஒரு தடவைகூட அவன் அதைச் சரியாகச் செய்ததில்லை.

அஞ்சலை ஓடைக்குள் வேருக்கடியில் மாலைவரை கிடந்தாள். உடம்பெல்லாம் அட்டை. உயிரோடு இருக்கிறாள். இப்போது ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் உயிரோடு மிஞ்சியது அவளும் என் மகனும்தான்.

7

மறுநாள் பெரட்டில் கங்காணி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். தன் மேல் ஊர் கோபம் திரும்பக்கூடாது என்ற பயம் அவருக்கு. "நானா காட்டிக்குடுத்தேன்? சிப்பாய் துப்பாக்கிய முதுகுல வச்சுக் காட்டுக்குள்ள நடன்னான், நடந்தேன். மரத்துல வெட்டு நின்னு கூப்புடுது! எனக்கு வெட்டப் பாத்தா ஆளத் தெரியும். எலும்புவரைக்கும் போன காயம். இந்தத் தோட்டத்துல அப்புடிக் காயம் போடுறவன் ஒருத்தன்தான். போறப்பயும் மரத்தக் கெடுத்துட்டுத்தான் போயிருக்கான் படுபாவி."

செங்கோடன் பேச்சியைத் திரும்பிப் பார்த்தான். அஞ்சலையின் அம்மா பேச்சியை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அந்த இரண்டடி மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறது. குழாயடியில் பேச்சி எல்லாரும் பிடித்துப் போன பிறகுதான் வாளி வைப்பாள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் பெயரைச் சொல்லி, கருப்பையா மரத்தில் இருபது வருஷத்தில் ஒரு காயம் இல்லை என்று முன்பு துரையே பெரட்டில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தால் பிள்ளைகளை ஒளித்த குற்றத்துக்கு என்னையும் ஏற்றியிருப்பார்கள், என் மகன் அநாதையாவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் சப்பான்காரன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே. அதற்கு என்ன சொல்வது? கூச்சம் என்றார்கள், அடக்கமான மனுஷன் என்றார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொண்டேன்.

சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார். ராசு வாந்திபேதியில் போனானாம். முருகேசு மழைக்காலம்வரை இருந்தானாம். முகாமில் மற்றவர்களுக்குக் கொடியில் தண்ணீர் எடுக்கக் காட்டிக் கொடுத்தானாம். எங்கள் மாமா சொல்லிக் கொடுத்தது என்றானாம். காலில் புண் வந்து அழுகிச் செத்துப்போனானாம். இதைக் கேட்டபோதும் பேச்சி என்னைத்தான் பார்த்தாள். நன்றியோடு பார்த்தாள்.

8

சிகாமட்டிலிருந்து திரும்பிய பிறகு திங்கட்கிழமை எல்லைக் காட்டைச் சுத்தம் பண்ணும் வேலைக்கு என்னைப் போட்டார்கள். புதுத் துரை புதுக் கன்று நடப்போகிறார். அந்த ஜெலுத்தோங் மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தார்கள், விழுத்த வேண்டிய மரம். வெட்டு இன்னும் இருக்கிறது. பட்டை இரண்டு உதடுபோல் தடித்து மூட வந்திருக்கிறது, மூடவில்லை. கீழ் முனையில் அந்தக் கீறல், இடப்பக்கம் வளைந்து. மரம் விழுந்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று ஓய்வு நாளில் பேச்சி வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். ஆகாயத்தைப் பார்த்தான் என்ற இடம் வந்ததும், "அத இன்னொருவாட்டி படி" என்றாள். படித்தேன். முடிந்த பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காயம் ஆழமா இருந்துச்சா?"

"ஆமா பேச்சி."

"மூணு வருசம். கொழாயடில ஒனக்கு நான் தண்ணி புடிச்சு வச்சிருக்கேன்."

என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. இனிக் கூப்பிடமாட்டாள் என்று புரிந்தது. அவள் எழுந்து வாளியை எடுத்தாள். "எங்கிட்டப் படிச்சா ஆச்சா? அங்க வந்து படி."

குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செங்கோடனும் இருந்தான். தாளைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். பாதியைப் பார்க்காமலே சொன்னேன். நாலு பேர் முன்னால் என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. முடித்துவிட்டு, செங்கோடன் அடிப்பான் என்று நின்றேன். அவன் அடிக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழாய்க்குக் கீழே நிறைந்துகொண்டிருந்த தன் வாளியைப் பாதியிலேயே நகர்த்தி, பேச்சியின் வாளியை இழுத்து அங்கே வைத்தான்.

சாமிக்கண்ணுவுக்கும் ஒரு பிரதி எழுதி அனுப்பப்போகிறேன். அவன் படிப்பானோ என்னமோ.

இன்று காலை பெரட்டு முடிந்து வரும்போது பேச்சி வழியில் நின்றாள். அந்தச் சட்டை கையில் இருந்தது.

"நாளைக்கு ரயிலுக்கு வா. எப்புடிப் புடிச்சாங்கன்னு அவரு கேப்பாரு. நான் வாயத் தொறக்கமாட்டேன். நீ சொல்லு. இந்தக் கடுதாசியக் குடு."

சரி என்றேன். ஊருக்குப் பிரதி எழுதி அனுப்பிக்கொள்ளலாம். அவள் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்துக் கோடுகளையும் சுழிகளையும் விரலால் தடவினாள். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"இதுல திகதி எங்க இருக்கு? போடலையா? திகதி இல்லாட்டி அவரு வாங்கமாட்டாரு. போடு."

போடுகிறேன்.

விய வருஷம், ஐப்பசி மாதம், பன்னிரண்டாம் தேதி.